கணக்கில் வராத காற்று

1

தமிழில் நாம் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்களில் ‘அட்ஜஸ்ட்’ அளவுக்கு உழைக்கும் சொல் வேறு இல்லை என்று நினைக்கிறேன். மூன்று பேர் உட்காரும் பஸ் சீட்டுக்கு நான்காவது ஆள் வந்தால், “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.” புகுந்த வீட்டிலிருந்து போனில் அழும் பெண்ணிடம், “ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான்டி, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.” சம்பள உயர்வு கேட்பவரிடம், “இந்த வருஷம் மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்களேன்.” மெக்கானிக் ஷெட்டில், “ஐடிலிங் அட்ஜஸ்ட் பண்ணியாச்சு சார், வண்டிய எடுத்துக்கலாம்.”

இதற்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. விட்டுக்கொடுத்தல், பொறுத்துப்போதல், அனுசரித்தல். ஆனால் ‘விட்டுக்கொடுத்தாள்’ என்றதும் மனம் கேட்டுவிடும்: எதை, யாருக்கு? ‘பொறுத்துப்போனார்’ என்றால் பொறுக்கவேண்டிய ஏதோ ஒன்று அங்கே இருந்தது என்பது வாக்கியத்திலேயே தெரிகிறது. ‘அட்ஜஸ்ட்’டில் அந்தத் தடயம் கிடையாது. ஒரு திருகு கொஞ்சம் திரும்பியது, அவ்வளவுதான். யாரும் எதையும் இழக்கவில்லை என்ற தோற்றத்தை அந்தச் சொல் தந்துவிடுகிறது. நமக்கு அது இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணமும் அதுதான்.

என் கேள்வி இது. ஒரு குறை இருக்கிறது. அதற்கேற்ப ஏதோ ஒன்று வளைந்துகொடுத்து, பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாக நடக்கிறது. அப்போது அந்தக் குறை சரியாகிவிட்டதா? ‘நடக்குதுல்ல, அப்புறம் என்ன?’ என்பவருக்கு என்ன பதில் சொல்வது? இதைப் பொதுவாகப் பேசினால் உபதேசமாகிவிடும். அதனால் பழைய கார்களில் அடிக்கடி வரும் ஒரு கோளாறை எடுத்துக்கொள்கிறேன்: சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் தேவைக்கு மேல் வேகமாகச் சுற்றுவது.

2

கியர் நியூட்ரலில் இருக்கிறது. ஆக்சிலரேட்டரில் கால் இல்லை. எஞ்சின் மட்டும் ஓடுகிறது. இதுதான் ஐடிலிங். சூடேறிய ஒரு சாதாரண பெட்ரோல் எஞ்சின் இந்த நிலையில் நிமிடத்துக்கு 750 முதல் 900 முறை சுற்றும். நம் கோளாறு உள்ள காரில் அது 1500-இல் நிற்கிறது. ஓட்டுபவருக்கு எரிச்சல், பெட்ரோல் வீண். டிராஃபிக்கில் காலை எடுத்தாலும் வண்டி தானாக முன்னால் உந்திக்கொண்டே இருக்கும்.

பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறப்பது பெட்ரோல் குழாய் என்று பலர் நினைக்கிறார்கள். திறப்பது காற்றுக்கான கதவு. அதன் பெயர் த்ராட்டில். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அதற்குத் தகுந்த பெட்ரோலை எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. கணக்கிட்டுத் தெளிக்கிறது. ஐடிலிங்கில் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளே பிஸ்டன்கள் இறங்கி இறங்கிக் காற்றுக்கு இடம் உண்டாக்கிக்கொண்டே இருக்க, கதவோ காற்றை விடுவதில்லை. ஆகவே இரண்டுக்கும் நடுவே உள்ள மேனிஃபோல்ட் என்ற அறையில் காற்றழுத்தம் வெளியே இருப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மெக்கானிக்குகள் இதைத்தான் வேக்குவம் என்கிறார்கள்.

இந்த வேக்குவம் சில உபரி வேலைகளையும் செய்கிறது. பிரேக் பெடலை மிதிக்கும்போது நம் காலுக்குத் துணையாக நிற்பது அதுதான். எஞ்சினின் அடிவயிற்றில் சேரும் ஆவியையும், பெட்ரோல் டேங்கில் கிளம்பும் ஆவியையும் எடுத்து எரிப்பதற்கு அனுப்புவதும் அதுதான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ரப்பர் ஹோஸ். இருபது வருடம் சூட்டிலும் எண்ணெய் ஆவியிலும் கிடந்த ரப்பர் விறைத்து, வளைவுகளில் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக, கதவைச் சுற்றிக்கொண்டு காற்று உள்ளே போகும். ‘ஏர் எடுக்குது’ என்பார்கள்.

எவ்வளவு சின்ன ஓட்டை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் எஞ்சின் 800 சுற்றில் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு, நூற்றிருபது லிட்டர் காற்றை எடுக்கும். மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓட்டை ஒன்று, அந்த அழுத்த வித்தியாசத்தில், நிமிடத்துக்கு ஐம்பது லிட்டருக்குமேல் விட்டுவிடும். ஓட்டையின் குறுகலான இடத்தில் காற்று ஒலியின் வேகத்தில் போகிறது. ‘ஸ்ஸ்’ என்ற அந்தச் சத்தம் அதனால்தான். அரிசிமணி அளவுள்ள ஒரு வெடிப்பு, எஞ்சின் ஓய்வாக இருக்கும்போது சுவாசிப்பதில் பாதியளவு காற்றைத் தந்துவிட முடியும்.

இதே கார் நெடுஞ்சாலையில் நன்றாக ஓடும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கதவு திறக்கிறது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது, ஓட்டை வழியாக வருவது குறைகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் காற்றை எடுக்கும்போது இந்தக் கசிவு ஒரு பொருட்டே இல்லை. வேலை மும்முரத்தில் தெரியாத குறை, நின்று மூச்சு விடும்போதுதான் தெரிகிறது. வருடம் முழுக்க ஓடிவிட்டுப் பத்து நாள் லீவில் வீட்டுக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வேக்குவம் காற்றை இழுக்கிறது என்று சொல்கிறோம். அது எதையும் இழுப்பதில்லை. 1644-இல் இத்தாலியில் டாரிசெல்லி எழுதிய ஒரு கடிதத்தில், நாமெல்லாம் காற்றுக் கடலின் அடியில் மூழ்கி வாழ்கிறோம் என்கிறார். அந்தக் கடலின் எடைதான் பாதரசத்தைக் குழாயில் ஏற்றி நிறுத்துகிறது, மேலே உள்ள வெற்றிடத்தின் ஈர்ப்பு அல்ல என்பது அவர் வாதம். நான்கு வருடம் கழித்து, பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி அவருடைய அக்கா கணவர் பாதரசக் குழாயோடு பிரான்சில் ப்வீ தெ தோம் என்ற மலை மேல் ஏறினார். உச்சியில் பாதரசம் சுமார் எட்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. மேலே கடலின் ஆழம் குறைவு, அதனால் தள்ளும் எடையும் குறைவு.

ஆக, ஓட்டை எதையும் செய்வதில்லை. செய்வது வெளியே எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும் காற்று. ஓட்டை என்பது தடுக்கவேண்டிய ரப்பர் ஓரிடத்தில் இல்லாமல் போனது, அவ்வளவே. இல்லாத ஒன்றை எப்படிக் காரணம் என்கிறோம்? இல்லாததை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்?

3

இந்தக் கேள்வி இந்தியத் தருக்க மரபில் பழையது. ‘அபாவம்’ என்ற பெயரில் நூற்றாண்டுகளாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். மணிமேகலையில் 27-ஆவது காதையில், வஞ்சியில் மணிமேகலை பல சமயத்தாரிடம் அவர்கள் கொள்கையைக் கேட்கும் இடத்தில், அறிவதற்கான வழிகளின் பட்டியல் ஒன்று வரும். காண்டல், கருதல் என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் அபாவமும் ஒன்று. நையாயிகர்கள், தரையில் குடம் இல்லை என்பதைக் கண்ணாலேயே காண்கிறோம் என்றார்கள். குமாரிலரைப் பின்பற்றிய மீமாம்சகர்கள், இல்லாததைக் கண் எப்படித் தொடும், அதற்கு ‘அனுபலப்தி’ என்று தனி வழி வேண்டும் என்றார்கள்.

சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்பது இங்கே முக்கியமல்ல. இரண்டு தரப்பும் பேசும் ஒரு நிபந்தனைதான் முக்கியம். ஒரு பொருள் தென்படவில்லை என்பதை வைத்து அது இல்லை என்று முடிவுகட்டலாம். ஆனால், அது இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்ற நிலை இருந்தால் மட்டும்தான். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை என்று அர்த்தமில்லை. விளக்கை ஏற்றிவிட்டுச் சொல்லு. இதற்கு ‘யோக்கிய அனுபலப்தி’ என்று பெயர். பார்க்கத் தகுதியான சூழலில் பார்த்தும் காணாமை.

நான் பிழைப்புக்குச் செய்வது சாஃப்ட்வேர். அந்த வேலையில் எனக்குத் தெரிந்த நல்ல டீபக்கர்கள் யாரும் இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். ‘லாக்ல எர்ரர் ஒண்ணும் இல்லையே’ என்றால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘எர்ரர் வந்திருந்தா இந்த லாக்ல விழுந்திருக்குமா?’

என் மாமா கார் ஓட்டுவதை நிறுத்தியபோது அவருடைய 2001 மாடல் காரை எனக்குத் தந்தார். ஐடிலிங் ஆயிரத்துக்கு மேல் ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. ‘ரெண்டு வருஷம் முன்னாடி இன்னும் மோசம், ஆயிரத்தஞ்ஞூறுல நின்னுச்சு. ஒருத்தன் அட்ஜஸ்ட் பண்ணிக் குடுத்தான்’ என்றார் மாமா. கோவையில் நான் போன மெக்கானிக்குக்கு ஐம்பது வயதிருக்கும். பானெட்டைத் திறந்தவர் ஒன்றையும் கழற்றவில்லை. நின்று கேட்டார். அப்புறம் வரிசையாக ஆரம்பித்தார்.

ஐடிலிங் ஏற ஓட்டை மட்டும் காரணமாக வேண்டியதில்லை. ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகியிருந்தால் கதவு முழுசாக மூடாது. கேபிளை ஆட்டிப் பார்த்தார், தளர்வு சரியாக இருந்தது. கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சார் கெட்டிருந்தால், எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நம்பி ஈ.சி.யூ. வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டி வைக்கும். ஈ.சி.யூ. இருட்டறையில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி. சென்சார்கள் சொல்வதே அதற்கு ஆப்தவாக்கியம். சாட்சி பொய் சொன்னால் தீர்ப்பும் தப்பாகும். மீட்டரை வைத்துப் பார்த்தார், சென்சார் சரி. ஐடிலிங் காற்றைக் கூட்டிக் குறைக்கும் சின்ன வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கலாம். அதையும் பார்த்தார். கரி பிடித்திருந்தது, ஆனால் முழுசாக மூடியே இருந்தது.

“பாத்தீங்களா தம்பி, அது பாவம் மூடிக்கிட்டுத்தான் கெடக்குது. இதுக்கு மேல அதனால மூட முடியாது. அப்ப காத்து வேற எங்கியோ வருதுங்க.”

அடுத்து அவர் செய்ததை நான் இன்னும் பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு, ஓடும் எஞ்சினின் த்ராட்டில் வாயைத் தட்டையான ஒரு மரத்துண்டால் பொத்தினார். முறையான வழி அது ஒன்றுதான். அதை அடைத்தால் நல்ல எஞ்சின் இரண்டு நொடியில் மூச்சுமுட்டி நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. இருமிக்கொண்டே ஓடியது.

“மூக்கப் பொத்தியும் உசுரோட இருக்குதுன்னா, எங்கியோ திருட்டு மூச்சு விடுதுன்னு அர்த்தம்.”

பிறகு ஹோஸ்களை ஒவ்வொன்றாக பிளையரில் துணி சுற்றி நெரித்தார். பிரேக்குக்குப் போவதை நெரித்தார், மாற்றமில்லை. டேங்க் ஆவி வரும் ஹோஸ், மாற்றமில்லை. எஞ்சின் ஆவி வரும் தடித்த ஹோஸை நெரித்ததும் சத்தம் சட்டென்று தணிந்தது. அந்த ஹோஸை நான் அதற்கு முன்பே நன்றாகப் பார்த்திருந்தேன். மேலிருந்து பார்த்தால் கறுப்பாக, முழுசாக, ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தது. அவர் அதைக் கழற்றித் திருப்பி வளைத்துக் காட்டினார். அடிப்பக்கம், வளைவில், நகக்கண் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

வசதியான கடைகளில் இதற்குப் புகை மெஷின் வைத்திருக்கிறார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு மேனிஃபோல்டுக்குள் புகையை அனுப்பினால் ஓட்டை வழியாக அது வெளியே வரும். புகை கண்ட இடத்தில் நெருப்பு உண்டு என்பது தருக்க நூல்களின் தேய்ந்துபோன உதாரணம். இங்கே புகை ஓர் இன்மையைக் காட்டுகிறது. அந்த இருட்டறைக்கு விளக்கு அது.

4

புது ஹோஸ் நூற்றைம்பது ரூபாய். மாட்டினார், ஸ்டார்ட் செய்தார். வண்டி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தார். ஐந்நூறு சுற்றில் நடுங்கிக்கொண்டு நின்றது. ஏ.சி. போட்டால் அணைந்தேவிட்டது.

கோளாறைக் கண்டுபிடித்தாயிற்று, சரிசெய்தாயிற்று, வண்டி முன்பைவிட மோசமாகிவிட்டது. மாமாவுக்குப் போன் செய்தேன். “இதுக்குத்தான் சொன்னேன், பழைய ஆளு பண்ணினதே பரவால்லன்னு. நல்லா இருந்த வண்டியப் போட்டுக் குடைஞ்சு…” என்றார்.

நடந்தது இதுதான். ஓட்டை வழியாகக் காற்று வந்து ஐடிலிங் ஏறியபோது, இரண்டு வருடத்துக்கு முந்தைய மெக்கானிக் ஓட்டையைத் தேடவில்லை. த்ராட்டில் கதவு எந்த அளவுக்கு மூட வேண்டும் என்று நிறுத்தி வைக்கும் ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டார். பல கார்களில் தொழிற்சாலையிலேயே அளந்து வைத்து, தொடாதே என்று பெயின்ட் அடித்து அனுப்பும் ஸ்க்ரூ அது. கதவு வழியாக வரவேண்டிய காற்றை அடைத்து, ஓட்டை வழியாக வரும் காற்றுக்கு இடம் கொடுத்தார். முறையான மூச்சை நிறுத்தி, திருட்டு மூச்சில் வண்டியை ஓடவிட்டார். இப்போது ஓட்டை அடைபட்டதும் வண்டிக்கு இரண்டு வழியும் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் இல்லை. ஐடிலிங் இறங்க வேண்டும் என்றார்கள், இறக்கிக் கொடுத்தார்.

ஆனால் அந்த அரைச் சுற்று ஒரு தடயத்தை அழித்துவிட்டது. 1500 என்ற எண் ஓட்டை போட்ட கூச்சல். அவர் அந்தக் கூச்சலை நிறுத்தினார், ஓட்டை அப்படியே இருந்தது. அதோடு, சரியான நிலை எது என்ற அளவுகோலும் போனது. அடுத்து வருபவருக்கு இப்போது இரண்டு கோளாறுகள். ஒன்று பழையது. இன்னொன்று அதற்குச் செய்த வைத்தியம். இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதால், எதைத் தொட்டாலும் தொட்டவர்தான் குற்றவாளி.

இதை நான் ஆபீஸில் பார்த்திருக்கிறேன். முன்பு வேலை செய்த ஒரு கம்பெனியில் தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு ரிப்போர்ட் மெயிலில் வரும். இரவில் தானாக ஓடும் ஒரு ப்ரோக்ராம் அதைத் தயாரிக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். சர்வர் மாற்றுவதற்காக ஒரு சனிக்கிழமை அந்த ப்ரோக்ராமை நிறுத்தினார்கள். திங்கள்கிழமை ரிப்போர்ட் சரியாக ஏழு மணிக்கு வந்தது.

மூக்கைப் பொத்தியும் உயிரோடு இருந்தது. விசாரித்தால், அந்த ப்ரோக்ராம் பாதி நாள் பாதியில் விழுந்துவிடுகிறது என்பதால், டீமில் ஒரு பெண் எட்டு மாதமாக விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து கையாலேயே அதைத் தயாரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் ஒருமுறை மேலே சொல்லியிருக்கிறார். ‘இப்போதைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்’ என்று பதில் வந்திருக்கிறது. அடுத்த ரிலீஸில் யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் ரிப்போர்ட்தான் வந்துகொண்டிருக்கிறதே. ப்ரோக்ராமைச் சரிசெய்ததும் ரிப்போர்ட்டில் எண்கள் தப்பாக வந்தன. வேறொரு இடத்திலிருந்து வரும் தவறான தகவலையும் அவர் சொல்லாமலே திருத்திக்கொண்டிருந்திருக்கிறார். ‘முன்னாடியே நல்லா இருந்துச்சே’ என்று ஒருவர் மெயில் போட்டார்.

என் பெரியம்மா வீட்டில் இன்றும் டி.வி. ஓடும்போது வசனம் கேட்காது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பெரியப்பாவுக்குச் சத்தம் ஆகாது, ரிமோட் பறக்கும். அவர் போய்ப் பத்து வருடமாகிறது. சத்தத்தைக் கூட்டினால் பெரியம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து குறைக்கிறார். ஓட்டை போய்விட்டது. ஸ்க்ரூ அங்கேயே நிற்கிறது.

‘அதான் எல்லாம் சரியாயிடுச்சே, இன்னும் ஏன் இப்படி இருக்கே?’ என்று இப்படிப்பட்டவர்களிடம் சுலபமாகக் கேட்டுவிடுகிறோம். காரணத்தை நீக்கினால் விளைவு நீங்கிவிடும் என்பது பாதி உண்மை. காரணத்துக்காக வளைந்தவை தனியாக நிமிர்த்தப்பட வேண்டும், அதற்குத் தனியாக நேரம் வேண்டும். மெக்கானிக் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார், வால்வின் கரியைச் சுரண்டினார். கடைசியில் பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கக் கூப்பிட்டார். “கம்ப்யூட்டரு இத்தன நாளா ஓட்ட வண்டிக்கு ஓட்டிப் பழகிருச்சுங்க தம்பி. அது மொதல்ல மறக்கோணும்.”

5

அப்படியானால் அட்ஜஸ்ட் செய்வதே தவறா? அந்த மெக்கானிக்கிடமே கேட்டேன். சிரித்தார். வாடகைக் கார் ஓட்டுபவர் ஒருவர் சாயங்காலம் வருகிறார், ராத்திரி ஏர்போர்ட் சவாரி இருக்கிறது, பையில் முந்நூறு ரூபாய். அவரிடம் போய் ‘வண்டிய ரெண்டு நாள் விடுங்க, ஓட்டையைத் தேடுறேன்’ என்பதா? “ஸ்க்ரூவத்தான் திருப்பிக் குடுப்பேன். ஆனா எழுதி வச்சிருவேன்.” ஒரு காரின் பானெட்டைத் திறந்து காட்டினார். ஏர் ஃபில்டர் டப்பாவின் மேல் வெள்ளை மார்க்கரில் தேதி, கீழே ‘ஸ்க்ரூ ½ சுத்து. ஹோஸ் பாக்கணும்.’

எனக்கு வேண்டிய வித்தியாசம் அந்த டப்பாவின் மேல் இருந்தது. இரண்டு மெக்கானிக்குகளும் அதே ஸ்க்ரூவை அதே அரைச் சுற்றுதான் திருப்புகிறார்கள். ஒருவர் குறையைத் தள்ளிப்போடுகிறார், இன்னொருவர் இல்லாமல் ஆக்குகிறார். எழுதி வைத்த அட்ஜஸ்ட்மென்ட் ஒரு கடன். எழுதாதது, அடுத்து வருபவரிடம் சொல்லும் பொய். அவர் கேட்கும்வரை காத்திருக்கும் பொய்.

நவீன கார்களின் ஈ.சி.யூ. இதில் நம்மைவிட நேர்மையானது. உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள கார்களில், ஓட்டை வழியாக வரும் காற்று கணக்கில் சேராது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சுவதை வைத்து ஏதோ தப்பு என்று புரிந்துகொண்டு ஈ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டும். அதுவும் அட்ஜஸ்ட்தான். ஆனால் எத்தனை சதவீதம் கூட்டினேன் என்பதை ‘ஃப்யூயல் ட்ரிம்’ என்ற எண்ணாக எழுதி வைக்கும். இந்த நிமிடத்துக்கு ஓர் எண், நெடுநாள் பழக்கத்துக்கு இன்னோர் எண். ஐடிலிங்கில் ட்ரிம் பெரிதாக இருந்து, 2500 சுற்றில் இயல்புக்குத் திரும்பினால், அது பெரும்பாலும் வேக்குவம் கசிவு என்று மெக்கானிக் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். பல கார்களில் சுமார் 25 சதவீதத்தைத் தாண்டும்போது, இனி என்னால் ஆகாது என்று டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கை ஏற்றும். 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களில் இந்த எண்களை யார் வேண்டுமானாலும் ஒரு பொதுவான கருவியால் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது சட்டம். வளைந்துகொடு, எவ்வளவு வளைந்தாய் என்பதை மறைக்காதே.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு வரும். வீடு எஞ்சின் இல்லையே. அம்மா மகனுக்காகவும், மனைவி கணவனுக்காகவும், நண்பன் நண்பனுக்காகவும் விட்டுக்கொடுப்பதை எல்லாம் எழுதி வைத்தால் அது அன்பா, வட்டிக்கடையா? கணக்குப் பார்க்காமல் கொடுப்பதுதானே கொடுப்பது?

ஒப்புக்கொள்கிறேன். கொடுப்பவர் கணக்கு வைக்க வேண்டியதில்லை, வைத்தால் அது கசந்துவிடும். ஆனால் யாரும் வைக்க வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. கணக்கு வைக்க வேண்டியவர் வாங்கிக்கொள்பவர். யாருடைய அரைச் சுற்றில் தன் வாழ்க்கை அதிராமல் ஓடுகிறது என்று தெரிந்துவைத்திருக்கும் கடமை, ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான். காரில் அந்த எண்ணைப் படிக்க ஒரு கருவியைச் செருக வேண்டும், தானாக அது யாரிடமும் சொல்லாது. ஐந்து மணிக்கு எழுந்த அந்தப் பெண்ணின் தவறு என்ன என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒன்றுமில்லை. எட்டு மாதம் ஏழு மணிக்கு மெயிலைத் திறந்த எங்களில் ஒருவருக்குக்கூட, இது எப்படி ஒருநாளும் தவறாமல் வருகிறது என்ற கேள்வி வரவில்லை.

இங்கேதான் அந்தப் பழைய நிபந்தனை திரும்ப வருகிறது. ‘எங்க வீட்ல யாரும் எதுவும் சொன்னதில்ல’, ‘எங்க டீம்ல யாருக்கும் பிரச்சினை இல்ல’ என்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் காதில் எதுவும் விழவில்லை. ஆனால் குறை இருந்திருந்தால் காதில் விழுந்திருக்குமா என்பதே கேள்வி. சொன்னால் ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்ற பதில் வரும் இடத்தில் யாரும் இரண்டாம் முறை சொல்வதில்லை. அங்கே புகார் இல்லை என்பதை வைத்துக் குறை இல்லை என்று முடிவுகட்டுவது, இருட்டில் நின்றுகொண்டு குடம் இல்லை என்பது. மேலிருந்து பார்த்துவிட்டு ஹோஸ் முழுசாக இருக்கிறது என்பது.

ஆகவே ‘ஏதாச்சும் பிரச்சினையா?’ என்று கேட்டுப் பயனில்லை. ‘ஒண்ணுமில்லப்பா’ என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். குறை இருந்தால் தப்பிக்க முடியாதபடி கேட்க வேண்டும், ஹோஸைத் திருப்பி வளைத்துப் பார்ப்பதுபோல. இதை நான் ஒருநாள் அம்மாவிடம் செய்து பார்த்தேன். ‘சாப்டியா?’ என்று கேட்கவில்லை. அதற்கு ஐம்பது வருடமாக ஒரே பதில்தான்.

“நீ உக்காந்தப்ப குழம்புல என்னம்மா மிச்சம் இருந்துச்சு?”

அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஏன்டா கேக்குற?” என்றாள்.